ஐந்து அங்குல மிச்சம்: ஏலக்கூடச் சுவரில் ஒரு சிக்குக் கோலம்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கடலை ஒட்டிய ஒரு மீனவர் ஊர். அங்குள்ள மீன் ஏலக்கூடத்தின் தெருப்பக்கச் சுற்றுச்சுவரில் ஏதாவது வரைய வேண்டும் என்று ஊரில் முடிவு செய்தார்கள். படகு, மீன், கலங்கரை விளக்கம் எழுதிய சுவர்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. இவர்கள் அதைக் கேட்கவில்லை. "வாசல்ல போடுற மாதிரி, ஆனா முடியாம போய்க்கிட்டே இருக்கணும்" என்றார்கள். அதாவது நீளவாக்கில் ஓடும் சிக்குக் கோலம்.

கேட்கும்போது எளிய வேலையாகத்தான் தெரியும். ஒரே அலகைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதாதா? ஆனால் தரைக் கோலத்துக்கும் சுவர்க் கோலத்துக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. தரையில் இடம் போதாவிட்டால் ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளலாம், கோலம் முடிகிற இடத்தில் வாசலும் முடிந்துவிடும். சுவரின் நீளத்தைக் கொத்தனார் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார். தரைக் கோலத்தை நின்று முழுதாகப் பார்க்கலாம். 14 அடித் தெருவில் 58 அடிச் சுவரை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. நடந்தபடி, வண்டியில் போனபடி, துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். இந்த வேலையில் சரியாக வந்ததும் தவறியதும் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவையே.

சுவரின் அளவு

வாயில் சுவரின் நடுவில் இல்லை. அதற்கு இடப்பக்கம் 34 அடி 2 அங்குலம், அதாவது 410 அங்குலம். வாயில் 9 அடி. வலப்பக்கம் 24 அடி 6 அங்குலம், அதாவது 294 அங்குலம். உயரம் 5 அடி 6 அங்குலம். செங்கல் கட்டு, சிமென்ட் பூச்சு. தூண் எதுவும் தெருப்பக்கம் துருத்தவில்லை.

புள்ளிக்குப் புள்ளி 9 அங்குலம், உயரவாக்கில் 5 புள்ளி என்று முதல் திட்டம். சிக்குக் கோலத்தில் ஓரப் புள்ளியைச் சுற்றிவரும் கோடு அரை இடைவெளி வெளியே போய்த் திரும்பும். ஆகவே 5 புள்ளிக்கு உயரம் 5 × 9 = 45 அங்குலம். கீழே 15 அங்குலம் சேறும் உப்பும் தொடும் பட்டை, மேலே 6 அங்குலம் வெற்றிடம். கூட்டினால் 66, சுவரின் உயரம் சரியாக வந்துவிட்டது. உயரம் இப்படிச் சுலபமாகப் பொருந்தியதால் நீளமும் பொருந்திவிடும் என்ற அசட்டை வந்தது.

இடப்பக்கம் 410ஐ 9ஆல் வகுத்தால் 45 புள்ளி போக 5 அங்குலம் மிச்சம். வலப்பக்கம் 294ல் 32 புள்ளி போக 6 அங்குலம் மிச்சம். டைல்ஸ் ஒட்டுகிறவர் கடைசிக் கல்லை வெட்டி மூலையில் வைத்துவிடுவார். சிக்கில் அது நடக்காது. கோடு திரும்பி உள்ளே வந்தாக வேண்டும், பாதி அலகில் வெட்டினால் சிக்கே அறுந்துபோகும். எனவே மிச்சத்தை இரு முனையிலும் பாதிப் பாதியாக வெறுமனே விட்டுவிடலாம் என்று தாளில் வரைந்தார்கள்.

தாளைப் பார்த்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் விரலால் இரண்டு மடக்குத் தொடர்ந்துவிட்டுச் சொன்னது: "தம்பி, அஞ்சுக்கு நாப்பத்தஞ்சு வெச்சா சிக்கு ஒண்ணாச் சேராது. ஒண்ணு கூட்டு, இல்லாட்டி ஒண்ணு குறை."

அவர் சொன்னது அப்படியே கணக்கு. செவ்வகமாகப் புள்ளி வைத்து, உள்ளே எங்கும் தடுக்காமல், ஓரத்தில் மட்டும் திருப்பிப் போடும் சிக்கில் எத்தனை தனித்தனி இழை (புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கோடு) வரும் என்பது இரு பக்க எண்ணிக்கையின் மீப்பெரு பொதுக் காரணி. 2க்கு 2 போட்டால் இரண்டு இழை, 2க்கு 3 போட்டால் ஒன்று, 3க்கு 6 போட்டால் மூன்று. 5க்கு 45 என்றால் ஐந்து இழை தனித்தனியாக நிற்கும். 5க்கு 46 என்றால் ஒரே இழை. உயரம் 5 என்று வைத்துவிட்டால் நீளம் 5இன் மடங்காக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 5 பகா எண் என்பதால் வேறு எந்த எண்ணும் தொல்லை தராது. உயரம் 6 என்று எடுத்திருந்தால் 2, 3 இரண்டின் மடங்குகளையும் தவிர்க்க வேண்டியிருக்கும். சுவர் வேலைக்கு 5 அல்லது 7 வரிசை எடுப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

கோலத்தின் இந்தக் கட்டமைப்பை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலானோர் கணினியியலின் வடிவ இலக்கணங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

ஐந்து இழையானால் என்ன, தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும் என்ற கேள்வியும் எழுந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் சிக்குக் கோலத்தைப் போட்டுப் பழகியவர் கண் இழையைத் தொடரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் விரலை வைத்துச் சுவரோரம் ஓடுவார்கள். ஐந்து இழையானால் விரல் 29 மீட்டரில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஒரே இழையானால் ஏறக்குறைய 149 மீட்டர் அலைந்துதான் திரும்பும். "முடியாம போய்க்கிட்டே இருக்கணும்" என்று ஊர் கேட்டது இதைத்தான்.

மிச்சத்தைப் பங்கிடுதல்

இடைவெளியை 9 அங்குலத்திலேயே பிடித்துவைக்க வேண்டியதில்லை என்பது விளங்கியதும் வேலை எளிதாகிவிட்டது. இடப்பக்கம் 410 அங்குலத்தில் 46 புள்ளி வைத்தால் இடைவெளி 8.913 அங்குலம். வலப்பக்கம் 294ல் 33 புள்ளி வைத்தால் 8.909. இரண்டும் மில்லிமீட்டரில் 226.4, 226.3. இரு பக்கமும் இவ்வளவு நெருங்கி வந்தது அதிர்ஷ்டம். எல்லாச் சுவரிலும் வராது. 9 அங்குலம் என்பது 228.6 மி.மீ. புள்ளிக்கு 2 மி.மீ. சொச்சம் சுருங்கியிருக்கிறது. உயரவாக்கில் 9 அங்குலம் அப்படியே இருக்கிறது. இந்த வேறுபாட்டை எந்தக் கண்ணும் பிடிக்காது. பொதுவாக நூற்றுக்கு மூன்று வரை இழுத்தாலும் சுருக்கினாலும் சதுரம் சதுரமாகவே தெரியும். ஐந்தைத் தாண்டினால் கோலம் நசுங்கிய மாதிரி இருக்கும்.

ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வலையை மேல்கயிற்றில் கோக்கும்போது அவர்கள் செய்வதும் இதேதான். வலைத்துணியின் நீளம் ஒன்று, கயிற்றின் நீளம் வேறு. கூடுதல் கண்ணிகளை ஒரு முனையில் குவித்தால் வலை அங்கே தொங்கும், மீன் ஒழுங்காகப் படாது. ஒவ்வொரு கட்டுக்கும் இத்தனை கண்ணி என்று கயிறு முழுக்கப் பங்கிட்டுக் கட்டுவார்கள். மிச்சம் எங்கும் இருக்கும், எங்கும் தெரியாது.

புள்ளி குறிப்பதில்தான் பலர் தவறுவது. 226 மி.மீ.க்கு ஒரு குச்சி வெட்டி, முந்தின புள்ளியிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், குச்சியில் 1 மி.மீ. பிசகு 46ஆவது புள்ளியில் 45 மி.மீ. ஆகிவிடும். ஆகவே குச்சி கூடாது. அளவுநாடாவை ஒரு முனையில் பிடித்து, மொத்தத் தூரமாகவே குறிக்க வேண்டும்: 113, 340, 566, 792, 1019 என்று. முதல் எண் அரை இடைவெளி. பிறகு ஒவ்வொன்றுக்கும் 226.4 கூட்டி முழு எண்ணாக்கிக்கொள்வது. அந்த எண்களை ஒரு தாளில் முன்னமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்; சுவரடியில் நின்று கூட்டினால் வெயிலில் தவறும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் தனித்தனியாகக் குறித்து, இரண்டையும் இணைத்துச் செங்குத்தாக நூல் அடிக்க வேண்டும், அதாவது பொடி பூசிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு பதிக்க வேண்டும்.

நூலுக்கு வழக்கமான நீலப்பொடி வேண்டாம்; வெள்ளைக் கோட்டுக்கு அடியிலிருந்து ஊறி வரும். சாக்பீஸ் தூள் போதும். கடற்காற்றில் 34 அடி நூலை ஒரே இழுப்பில் பிடித்தால் நடுவில் வில்லாக வளையும். பத்தடிக்கு ஒரு ஆணி அடித்து, துண்டு துண்டாக அடிக்க வேண்டும்.

மட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் இடப்பக்கச் சுவரின் மேல்விளிம்பு 34 அடியில் ஒன்றேமுக்கால் அங்குலம் சரிந்திருந்தது. கொத்தனார் தெருவின் சரிவைப் பின்பற்றியிருக்கிறார். கோலத்தைச் சுத்த மட்டமாகப் போட்டால் மேலேயுள்ள வெற்றிடம் ஒரு முனையில் 6 அங்குலம், மறுமுனையில் நாலேகால் அங்குலம். அந்த ஆப்பு வடிவம் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், கோலம்தான் கோணல் என்று பார்க்கிறவர் சொல்வார். கண் ரசமட்டத்தோடு ஒப்பிடுவதில்லை, அருகிலுள்ள விளிம்போடுதான் ஒப்பிடுகிறது. ஆகவே வரிசைகள் மேல்விளிம்புக்கு இணையாகச் சரிந்தன. நெடுவரிசைகள் மட்டும் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நின்றன. மிச்சமிருந்த ஆப்பு கீழ்ப்பட்டைக்குப் போனது. அங்கே தரையே மேடும் பள்ளமுமாக இருப்பதால் அது கரைந்துவிட்டது.

கோடும் வெட்டும்

5க்கு 46இல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் 409, 5க்கு 33இல் 292, மொத்தம் 701. ஓரத்தில் திரும்பும் வளைவுகள் 102ம் 76ம். இரு பக்கக் கோட்டு நீளமும் சேர்ந்து சுமார் 250 மீட்டர். கோட்டின் அகலம் 30 மி.மீ. தரைக் கோலத்தில் கோடுகள் சும்மா வெட்டிக்கொள்ளும். சுவரில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, கயிறு பின்னியதுபோல் காட்ட முடிவானது. அடியில் போகும் கோட்டை வெட்டின் இருபுறமும் 6 மி.மீ. விட்டு நிறுத்த வேண்டும்.

எங்கே மேலே, எங்கே கீழே என்பதை இழையைத் தொடர்ந்து தீர்மானிக்கப் போனால் நூறாவது வெட்டில் குழம்பிவிடும். அதற்கு எளிய விதி உண்டு. பக்கவாட்டில் இரண்டு புள்ளிக்கு நடுவே வரும் வெட்டில் வலப்பக்கம் ஏறும் கோடு மேலே. மேலும் கீழுமான இரண்டு புள்ளிக்கு நடுவே வரும் வெட்டில் வலப்பக்கம் இறங்கும் கோடு மேலே. இதை மட்டும் பிடித்துக்கொண்டால், ஓரத்தில் திரும்பி வந்தாலும், இழை தானாகவே மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போகும். எந்த வெட்டையும் மற்றதைப் பாராமல் தனியாகவே போடலாம். இரண்டு ஸ்டென்சில் போதும். ஒன்றில் "பக்கம்" என்றும் மற்றதில் "மேல்கீழ்" என்றும் எழுதி வைத்தார்கள்.

ஸ்டென்சில் 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாளில் வெட்டியது. தண்ணீர் சேர்க்காத பெயின்ட்டை, தட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இழுத்தால் தாளுக்கடியில் புகுந்து கசியும். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் விளிம்பில் பெயின்ட் தடித்து ஓட்டை குறுகும். இங்கே நடந்ததும் அதுதான். முதல் நாள் வாயிலிலிருந்து இடப்பக்கமாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போனதில் 30 மி.மீ. கோடு பதினைந்தாவது நெடுவரிசையில் 27 மி.மீ. ஆகியிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. எதிர்ச்சாரியில் போய் நின்றால் கோலம் இடப்பக்கம் மெலிந்துகொண்டே போவது பளிச்சென்று தெரிந்தது.

திருத்தம் இரண்டு வகையில். துடைப்பது ஒன்று. முக்கியமானது மற்றது: வரிசையாகப் போடாமல் சிதறிப் போடுவது. காலையில் 3, 17, 40ஆம் நெடுவரிசை, பிறகு 9, 28, 35 என்று தாவித் தாவி. அப்போது ஒன்றிரண்டு மி.மீ. வேறுபாடு சுவர் முழுக்கக் கலந்துவிடும். கையால் போட்டதன் இயல்பாகவே தெரியும். ஒரே திசையில் சேரும் பிழையைக் கண் உடனே பிடிக்கிறது. சிதறிய பிழையை அது பிழையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வெட்டுகளுக்கு இடைப்பட்ட கோடுகளையும் ஓர வளைவுகளையும் ஊர்ப் பெண்கள் இருவர் கையால் போட்டார்கள். ஒருவர் கை உருண்டையாக வளைக்கும், மற்றவர் கை சற்றுக் கூர்மையாக. ஆளுக்கொரு பக்கம் கொடுத்திருந்தால் வாயிலுக்கு அந்தப்புறம் ஒரு கோலம், இந்தப்புறம் ஒரு கோலம் என்றாகியிருக்கும். இரண்டு பக்கத்திலும் இருவரும் மாறி மாறிப் போட்டார்கள்.

தாளம்

கோடு முடிந்து புள்ளியெல்லாம் வெள்ளையாக நின்றபோது கோலம் குறையில்லாமல் இருந்தது. ஆனால் சுவரோரம் நடந்தால் கண் வழுக்கிக்கொண்டே போனது. எங்கே தொடங்கினோம், எங்கே வந்தோம் என்ற பிடி கிடைக்கவில்லை.

இதே கரையில் ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள். சேதுபதிகள் காலத்துப் பணி. ஒரே மாதிரித் தூணை அத்தனை முறை திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் சலிப்பதில்லை. பிராகாரத்தின் ஒரு முனையில் நின்று பார்க்கிறோம். தூண்கள் தொலைவு கூடக்கூடச் சிறுத்து, இடைவெளி நெருங்கி நெருங்கி ஒரு புள்ளியில் போய்ச் சேர்கின்றன. அளவு ஒன்றாயிருந்தும் கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு. நடக்க நடக்க அந்த வரிசையும் நம்மோடு நகர்கிறது. தாளத்தைத் தூரமே போட்டுக்கொடுக்கிறது. தெருச் சுவரை நாம் எதிர்கொண்டு பார்ப்பதில்லை, அதற்கு இணையாக நடக்கிறோம். அருகிலிருப்பதும் அடுத்து வருவதும் ஒரே அளவு. தூரம் இங்கே உதவிக்கு வராது, தாளத்தை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

சில நெடுவரிசையின் புள்ளிகளுக்கு மட்டும் வேறு நிறம் கொடுப்பது என்று வந்தது. பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் சார்ட் தாளில் வட்டம் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பார்ப்பது நல்ல வழி. அரை மணியில் ஒட்டலாம், எடுக்கலாம்.

முதலில் ஐந்துக்கு ஒன்று ஒட்டினார்கள். வந்தது ரயில் பெட்டி. உயரம் 5, நிறம் மாறுவதும் 5 என்பதால் கோலம் 5க்கு 5 சதுரங்களாகத் துண்டுபட்டது. இன்னொன்றும் இருக்கிறது: ஒரு கோட்டைக் கீழ்விளிம்பிலிருந்து தொடர்ந்தால் அது மேல்விளிம்பைத் தொட 5 நெடுவரிசை ஆகும், இறங்கி வர இன்னும் 5. ஆக ஒவ்வொரு நிறப்புள்ளியிலும் கோடும் ஒரே நிலையில் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. நான்குக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்ததில் பூட்டு விட்டது, ஆனால் கடிகார ஓசைபோல் ஒரே சீராக இருந்தது.

நின்றது 3, 3, 2. எட்டு நெடுவரிசை ஒரு சுற்று. அதில் 1, 4, 7 ஆகியவற்றுக்கு நிறம். இரண்டு நீட்டல், ஒரு குறுக்கல். குறுக்கல் வந்ததும் அடுத்த சுற்று தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோட்டின் ஏற்ற இறக்கம் பத்து, நிறச்சுற்று எட்டு; இரண்டும் ஒரே நிலையில் மறுபடி சந்திக்க 40 நெடுவரிசை ஆகும். இடப்பக்கத்தில் அது ஒரே ஒருமுறை நேரும், வலப்பக்கத்தில் நேராது. கோடு ஒரு தாளத்தில், நிறம் ஒரு தாளத்தில் போவதால் ஒரு கோட்டைத் தொடரும் கண்ணுக்கு அடுத்தடுத்த சுற்றுகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

எங்கிருந்து எண்ணுவது? இடக்கோடியிலிருந்து எண்ணினால் வாயிலருகே சுற்று எங்காவது அரைகுறையாக நிற்கும். மக்கள் நின்று பேசுவதும் வண்டி திரும்புவதும் வாயிலில்தான். ஆகவே வாயிலிலிருந்து இருபுறமும் வெளிநோக்கி எண்ணியது. இடப்பக்கம் 46இல் ஐந்து சுற்று போக 6 மிச்சம், அதாவது 3, 3. இரண்டு நீட்டலோடு முடிகிறது. வலப்பக்கம் 33இல் நான்கு சுற்று போக 1 மிச்சம்; கடைசி நெடுவரிசை நிறத்தில் நிற்கிறது. தாளத்தில் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் தட்டுக்கு, வந்து முடிப்பதுபோல் அது விழுந்தது. இது முன்பே யோசித்ததல்ல. ஆனால் 34 என்று வந்திருந்தால் ஒரு வெள்ளை வரிசை அனாதையாக நின்றிருக்கும், அப்போது சுற்றையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

சாதாரண நடையில் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் என்று கொண்டால், ஒரு சுற்றைக் கடக்க ஒன்றரை நொடி. 20 கி.மீ. வேகத்தில் போகும் இருசக்கர வண்டிக்கு ஒரு நொடியில் மூன்று சுற்று. அந்த வேகத்தில் கோடு கலங்கிவிடும், நிறக்கொத்து மட்டும் தட்டித் தட்டிப் போகும். இரண்டு வேகத்துக்கும் ஏதோ ஒன்று தெரிகிறது. இடைவெளியை 6 அங்குலமாகக் குறைத்திருந்தால் வண்டிக்காரருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

நிறம்

காவியும் வெள்ளையும் என்பதே பலரின் முதல் எண்ணம். இந்தக் கரையில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் எல்லாரும் வந்துபோகும் இடம் ஏலக்கூடம். காவியும் வெள்ளையும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் அது கோயில் மதில். எனவே தளத்துக்கு, அதாவது கோலத்தின் பின்னணிக்கு, சாம்பல் கலந்த கருநீலம், கோட்டுக்கு வெள்ளை, நிறப்புள்ளிக்குக் காவிச் சிவப்பு என்று தேர்ந்தது. நடுப்பகலில் ஒரு சுற்று அடித்துப் பார்த்தபோது அருமையாக இருந்தது.

மறுநாள் விடியலில் அந்தச் சிவப்பைக் காணவில்லை. வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் கண் சிவப்பை முதலில் இழக்கும். நீலம் அப்போதும் ஒப்பளவில் வெளிச்சமாகத் தெரியும். கருநீலத்தின் மேல் காவி அந்நேரத்தில் இருளோடு இருள். வேறு சுவராயிருந்தால் பரவாயில்லை என்று விடலாம். ஏலம் நடப்பது விடிகாலையில், ஊரே கூடும் நேரம் அது. அதனால் மஞ்சள் காவிக்கு மாறியது. அதுவும் இரும்பு ஆக்சைடு நிறமே. வெயிலுக்கும் சிமென்ட்டின் காரத்துக்கும் அசையாது. வெளிர் நிறம் என்பதால் விடியலிலும் நிற்கும். கடையில் பளபளவென்று கிடைக்கும் சில மஞ்சள்களும் ரோஜா நிறங்களும் புதுப் பூச்சின் காரத்தில் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும்.

நிறப்புள்ளி 30 நெடுவரிசையில் 150, வெள்ளைப்புள்ளி 245. 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டின் நுனியில் ஸ்பாஞ்ச் ஒட்டி ஒற்றியது. மஞ்சளுக்கு 100 மி.லி. போதுமானது. தளத்துக்கு எமல்ஷன் 5 லிட்டர், பிரைமர் 3 லிட்டர், கோட்டுக்கு வெள்ளை 2 லிட்டர். வெள்ளை கணக்குப்படி ஒன்றரை லிட்டர். ஸ்டென்சிலும் பிரஷ்ஷும் மீதியைக் குடித்துவிட்டன. தளநிறத்தை 5 லிட்டரும் ஒரே வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். டின் டின்னாகக் கலந்தால் சுவரின் நடுவில் ஒரு நிறக்கோடு விழும், எந்தக் கோலமும் அதை மறைக்காது.

உப்பு

வேலை நடந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கூடம் ஓய்ந்திருக்கும், வெயிலும் உண்டு. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் விடியலில் வருவார்கள். சிவப்பு காணாமல் போனதை முதலில் சொன்னது அவர்கள்தான்.

கடலோரச் சுவரில் உப்பு இருவழியாக வரும். காற்றில் வந்து படிவது ஒன்று. அதைத் துணியால் துடைத்துவிடலாம். மண்ணிலிருந்தும், உவர்த் தண்ணீரில் கலந்த பூச்சிலிருந்தும் ஊறி வருவது மற்றொன்று. அது வெண்மையாகப் பூக்கும். பூத்ததைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய், காய்ந்ததும் மீண்டும் பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுந்த தூளையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். ஒரு வாரம் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும். மூன்றாம் தடவை பூக்காவிட்டால் பிரைமர் அடிக்கலாம்.

கீழ் 15 அங்குலத்துக்கு எனாமல் அடித்தால் சேறு பட்டாலும் கழுவிவிடலாமே என்று ஒரு யோசனை இருந்தது. எனாமல் மூச்சுவிடாது, ஈரம் உள்ளேயிருந்து தள்ளி ஒரே மழையில் கொப்புளம் விடும், அடைபட்ட ஈரம் மேலேறிக் கோலத்தையும் கெடுக்கும். எனவே அங்கே சுண்ணாம்பு, அதில் கருப்பு ஆக்சைடு. நிறத்தூள் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தொட்டவர் கையில் ஒட்டும். இது உதிரும், உதிரட்டும் என்றே அடித்தது. உப்பு அந்தப் பட்டையின் வழியே வெளியேற வேண்டும்.

தவறு நடந்தது வாயிலருகே. கம்பிக்கதவின் கீலுக்காக வலப்பக்கத் தூணை உடைத்து, ஏறக்குறைய இரண்டடி அகலத்துக்குப் புதிதாகப் பூசியிருந்தார்கள். சிமென்ட் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும். தடைக்காலம் முடிவதற்குள் முடிக்கும் அவசரத்தில் ஒன்பதாம் நாளே அதன்மேல் பிரைமர் ஏறிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரின் மற்ற பகுதி அப்படியே இருந்தது. அந்த இரண்டடியில் மட்டும் தளநிறம் திட்டுத் திட்டாக வெளுத்து, இரண்டு இடத்தில் உரிந்தது. வாயிலிலிருந்து எண்ணும் முதல் இரண்டு மூன்று நெடுவரிசை, அதாவது சுவரில் எல்லாரும் முதலில் பார்க்கும் இடம்.

தையில் அதைச் சுரண்டி, உலர்பிரஷ் போட்டு, இரண்டு வாரம் விட்டு, பிரைமரும் தளமும் ஏற்றிக் கோலத்தைத் திரும்பப் போட்டார்கள். ஸ்டென்சில்கள் இருந்ததால் வெட்டுகள் அரைநாளில் முடிந்தன. தளநிறத்தில் அரை லிட்டரை மூடி வைத்திருந்தது உதவியது. ஆனால் ஒரு கோடைவெயில் பட்ட பழைய தளத்துக்குப் பக்கத்தில் புதியது சற்றே அழுத்தமாகத் தெரிந்தது. ஒட்டுப்போட்ட எல்லையை நேர்கோடாக விடாமல் சிக்கின் கோட்டோரமாகவே வளைத்து நிறுத்தியதால், இரு நிறமும் வெள்ளைக் கோட்டின் இரண்டு பக்கத்தில் விழுந்தன. தெரிந்தவர் காட்டினாலொழிய தெரியாது.

கீழ்ப்பட்டைக்கு ஆண்டுக்கொருமுறை, பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நாளில், புதுச் சுண்ணாம்பு. வாயில் தூணின் உட்பக்கம், கதவு திறந்தால் மறைந்துபோகும் இடத்தில், கறுப்பு பெயின்ட்டில் எழுதியிருக்கிறது: 46, 33, 226, 3-3-2. ஸ்டென்சில் இரண்டும் ஐஸ் பெட்டி அடுக்கும் அறையில் ஆணியில் தொங்குகின்றன.